சங்கத்து லோடரின் எதிர்ப்பாரம்

எந்திரங்களை ஓட்டுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். பழுது பார்ப்பவர்களுக்கும் குறைவில்லை. ஆனால் ஓர் எந்திரத்தை மனித குலம் இதுவரை கண்டிராத அளவுக்குப் பராமரித்துக் காட்டியது எங்கள் வெள்ளைக்கரை உப்பு உற்பத்தியாளர் நலச் சங்கம்தான். இதை நான் அடக்கமாகச் சொல்கிறேன். அடக்கமில்லாமல் சொல்வதற்குத் தலைவர் இருக்கிறார்.

நான் சங்கத்தின் எழுத்தர், நேசக்குமார். பத்தொன்பது வருடங்களாகத் தீர்மானங்களைத் தட்டச்சு செய்து வருகிறேன். மாப்பிள்ளையூரணியைத் தாண்டிக் கடலைப் பார்க்கப் போகிற சாலையில், இரண்டு பக்கமும் மலை மலையாக உப்பு குவிந்திருக்க, நடுவே பச்சைச் சாயம் அடித்த கட்டடம் எங்களுடையது. அதன் வாசலில் கடந்த ஏப்ரல் மாதம் புது டிராக்டர் ஒன்று வந்து நின்றது. அதன் முன்னால் இரண்டு இரும்புக் கைகள். கைகளின் நுனியில் ஒரு பெரிய பக்கெட். லோடர் என்று பெயர். குவியலில் முட்டி, அள்ளி, தூக்கி, லாரியில் கொட்டும். பத்துப் பெண்கள் அரை நாள் கூடை சுமக்கிற வேலையை அரை மணியில் முடித்துவிடும்.

அதைக் கொண்டுவந்து விட்டவன் புன்னைக்காயல் ஸ்டெபின், கம்பெனி மெக்கானிக். டிராக்டரின் பின்னால் மாட்டியிருந்த காலி இரும்புப் பெட்டியைத் தட்டிக் காட்டினான்.

"அண்ணாச்சி, இதுதான் கவுண்டர் வெயிட் பெட்டி. முன்னாடி தூக்கும்போது பின்னாடி பாரம் இருக்கணும். இல்லேன்னா பின் வீல் கிளம்பிரும், வண்டி மூக்கால குத்திரும். அறுநூறு கிலோ போடுங்க. மணலு, கல்லு, கான்கிரீட்டு, எதுனாலும் சரி."

தலைவர் சுந்தரராஜ் அண்ணாச்சி உடனே அவசரக் கூட்டம் கூட்டினார். கவுண்டர் வெயிட் என்பது சங்கத்தின் கௌரவத்துக்குப் பொருந்தாது என்று, முதல் தீர்மானமாக, 'எதிர்ப்பாரம்' என்று பெயர் வைத்தோம். அதற்கு ஒரு மணி நேரம் ஆயிற்று.

பிறகு மணலை எடுத்துக்கொண்டோம். ஏரல் பக்கம் போய் மணல் என்று வாயைத் திறந்தாலே தாசில்தார் வரை பதில் சொல்ல வேண்டும், தள்ளுபடி. கல் என்றால் கருங்கல்லா, சுண்ணாம்புக்கல்லா? அதற்கு உபகுழு வேண்டும். கான்கிரீட்டுக்கு டெண்டர் விட வேண்டும். டெண்டருக்கு விளம்பரம் வேண்டும். விளம்பரத்துக்குத் தீர்மானம் வேண்டும்.

பொருளாளர் தளவாய் எழுந்து, கேள்வியாக ஒரு பொன்மொழி உதிர்த்தார்: "நம்மகிட்ட என்ன இருக்கு?"

கூட்டத்தில் இருந்த ஒன்பது பேரும் ஜன்னல் வழியே பார்த்தோம். கண் கூசியது. வெள்ளை மலைகள்.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அறை வாசலில் நின்றிருந்த, வண்டியை ஓட்டப்போகிற ஆப்பரேட்டர் மட்டும் கைதட்டவில்லை.

"அண்ணாச்சி, உப்பு கரைஞ்சிருமே?"

"பெட்டிக்கு மூடி இருக்குல்லா?" என்றார் தலைவர்.

"மூடி இடுக்குல தண்ணி போவுமே."

"பூட்டும் போடப் போறோம்."

"பூட்டு தண்ணிய நிப்பாட்டுமா அண்ணாச்சி?"

"திருடன நிப்பாட்டும்."

சுற்றிலும் பல்லாயிரம் டன் உப்பு திறந்த வெளியில் கிடக்க, அறுநூறு கிலோவை மட்டும் பூட்டி, அரக்கு சீல் வைத்து, சாவியைத் தலைவர் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். நான் குறிப்பேட்டில் எழுதினேன்: 'பூட்டின் அவசியத்தை ஆப்பரேட்டரும் வலியுறுத்தினார்.'

அந்த ஆப்பரேட்டரின் பெயர் சுடலைமாடத்தி. பதினேழு வருடம் எங்கள் உப்பளத்தில் தலையில் கூடை சுமந்தவர். உப்புத் தண்ணீரில் நின்று நின்று அவர் பாதங்கள் வெடித்திருந்தன. கழுத்தைத் திருப்ப வேண்டுமென்றால் உடம்பையும் சேர்த்துத்தான் திருப்புவார். ஏரலில் அண்ணன் வயலில் டிராக்டர் ஓட்டிப் பழகி, லைசென்சும் எடுத்து வைத்திருந்ததால், 'தற்காலிக ஆப்பரேட்டர்' ஆனார். நூற்றெண்பது நாள் விபத்தில்லாமல் ஓட்டினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மறுபடியும் கூடை. இது எழுத்தில் உள்ள நிபந்தனை. நானேதான் தட்டச்சு செய்தேன்.

முதல் நாள் அவர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, காலைத் தூக்கிப் பெடலில் வைத்து, சிரித்ததைப் பார்த்தேன். "என்னம்மா?" என்றேன்.

"கால் காஞ்சிருக்கு சார்," என்றார். "பதினேழு வருசத்துல இன்னைக்குத்தான் வேலை நேரத்துல கால் காஞ்சிருக்கு."

இனி பராமரிப்பு. சுடலைமாடத்திக்கு அவருடைய முறை ஒன்று இருந்தது. காலையில் வண்டியைக் கிளப்பும் முன் ஒவ்வொரு மூட்டிலும் கிரீஸ் அடிப்பார். ஹைட்ராலிக் ஆயிலைப் பார்ப்பார். ரப்பர் குழாயில் கசிவு இருக்கிறதா என்று ஓர் அட்டைத் துண்டைப் பிடித்துத்தான் பார்ப்பார். விரலை வைக்க மாட்டார்; அழுத்தத்தில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்துவிடும். பக்கெட்டைத் தரையில் இறக்கி வைக்காமல் இருக்கையை விட்டு எழுந்ததே இல்லை. எல்லாவற்றுக்கும் இருபது நிமிடம்.

இதை நாங்கள் எப்படி அனுமதிக்க முடியும்? இருபது நிமிடத்தில் முடிவது பராமரிப்பா? ஆகவே அறுபத்து நான்கு கட்டங்கள் கொண்ட படிவம் தயாரானது. கிரீஸ் அடிக்கும் பதினாறு இடங்களுக்கும் தனித்தனிக் கையெழுத்து. சாட்சிக் கையெழுத்து வேறு. படிவம் முடிய பதினோரு மணி ஆகும். அதன் பிறகு வெயில் அதிகம் என்பதால் எந்திரத்தின் நலன் கருதி நிழலில் நிறுத்துவோம். பாக்கி நேரத்தில்தான் வேலை.

படிவத்தின் மணிமகுடம் அறுபத்து நான்காவது கட்டம்: 'தினமும் மாலையில் எந்திரத்தை உச்சி முதல் டயர் வரை முழுவதும் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும்.' உப்பு இரும்பைத் தின்றுவிடும் அல்லவா? எங்களுக்குத் தெரியாதா உப்பைப் பற்றி? மூன்று தலைமுறை உப்புக்காரர்கள் நாங்கள்.

சுடலைமாடத்தி தினமும் கழுவினார். பெட்டியையும் சேர்த்துத்தான்; கட்டத்தில் 'முழுவதும்' என்று அடிக்கோடிட்டிருந்தோம்.

ஜூன் மாதம் பெட்டிக்கு அடியில் வெள்ளையாகத் தாடி முளைத்தது. ஜூலையில் அது தரையைத் தொட்டது.

"சார், பெட்டி ஒழுகுது. தொறந்து பாக்கணும். சாவி வேணும்," என்றார்.

படிவத்தில் கசிவுக்கான கட்டம் எண்ணெய்க் கசிவுக்கு மட்டுமே உரியது. 'கசிவு: இல்லை' என்று எழுதிவிட்டுத் தலைவரிடம் அனுப்பினேன்.

"பின்னாடி லேசா இருக்கு அண்ணாச்சி. பக்கெட்ட தூக்கும்போது ஸ்டியரிங் கனக்குது, பின்னாடி துள்ளுது. நான் பாதி பக்கெட்டுதான் அள்ளுதேன்."

"லேசா இருந்தா நல்லதுதானே? டீசல் மிச்சம்," என்றார் தலைவர்.

உண்மையாகவே டீசல் குறைந்திருந்தது. அறுநூறு கிலோவைச் சுமக்காத வண்டி, பதினோரு மணிக்கு மேல் நிழலில் நிற்கிற வண்டி, எவ்வளவு குடித்துவிடும்? சங்கம் இதைத் தன் சாதனையாகப் பதிவு செய்தது. 'சிறந்த எரிபொருள் சிக்கனச் சங்கம்' என்று எங்களுக்கு நாங்களே விருது வழங்கிக்கொள்ளத் தீர்மானித்தோம்.

அன்றிரவு சாப்பிடும்போது என் மனைவி கிருபையிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் சாத்தான்குளத்தில் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறாள். தோசைக்கரண்டி அந்தரத்தில் நின்றது.

"உப்பையா? தெனமும் தண்ணி ஊத்திக் கழுவுற பெட்டியிலயா?"

"சீல் வெச்சு, தீர்மானமே போட்டிருக்கோம் கிருபை."

"அத உப்புக்கு வாசிச்சுக் காட்டினீங்களா?"

நான் அடுத்த தோசையைப் பிய்த்தேன். ஒரு குடும்பத்தில் இருவரும் விஞ்ஞானம் பேசினால் யார்தான் விட்டுக்கொடுப்பது?

விருது விழா, அக்டோபரில், நூற்றெண்பதாவது நாளன்று. அதற்கு முந்தைய வாரம் மூன்று நாள் மழை கொட்டியிருந்தது. சிறப்பு விருந்தினர் காயல்பட்டினம் ஜக்கரிய்யா காக்கா; அந்த ஊரில் காக்கா என்றால் அண்ணன். எங்கள் உப்பை லாரி லாரியாக வாங்குகிறவர். அவருக்குச் சொந்தமாகப் பக்கத்திலேயே அளமும் உண்டு.

தலைவர் ஒரு புதுமையை அறிவித்தார். மேடை தேவையில்லை. பக்கெட்டே மேடை. அதில் பாதிக்கு உப்பைப் போட்டு, மேலே சிவப்புக் கம்பளம் விரித்து, நிர்வாகிகள் ஏறி நிற்க, லோடர் எங்களைப் பதினோரடி உயரத்துக்குத் தூக்கும். அங்கிருந்து விருதை வாங்குவோம், போட்டோவுக்குச் சிரிப்போம்.

சுடலைமாடத்தி கையைப் பிசைந்தார். "அண்ணாச்சி, பக்கெட்டுல ஆள ஏத்தக் கூடாது. விதி பதினாலு, நீங்கதானே போட்டீக? ஓட்டுறவங்களத் தவிர ஒரு ஆளு வண்டியில ஏறக் கூடாதுன்னு."

"ஆளு ஏறக் கூடாது. சரி. நாங்க நிர்வாகிகள்லா?"

"அண்ணாச்சி, பின்னாடி பாரம் இல்ல. நான் இத எட்டு தடவ எழுதிக் கொடுத்திருக்கேன்."

"இன்னைக்கு நூத்தெம்பதாவது நாளு. நல்ல நாள்ல தூக்க மாட்டேன்னு சொன்னா அது கீழ்ப்படியாமைன்னு ரெக்கார்டு ஆயிரும். ஒன் இஷ்டம்."

அவர் பார்வை தன் பாதங்களுக்குப் போயிற்று. பிறகு, "அப்பம் தரைக்கு ஒட்டி ரெண்டடி மட்டும் தூக்குதேன். அதுக்கு மேல மாட்டேன்," என்றார்.

"ரெண்டடியில போட்டோ எடுத்தா கக்கூஸ் மேடையில நிக்கிற மாதிரி இருக்கும்," என்றார் தளவாய்.

ஜக்கரிய்யா காக்காவையும் அழைத்தோம். அவர் மேலிருந்து கீழாகப் பெட்டியைப் பார்த்தார், கீழே தொங்கிய வெள்ளைத் தாடியைப் பார்த்தார். "மாஷா அல்லாஹ், ரொம்ப அழகா இருக்கு. நான் கீழயே நிக்கிறேன்," என்று நாலு எட்டுப் பின்னால் போனார்.

தலைவர், தளவாய், குறிப்பேட்டோடு நான். மூவரும் ஏறினோம். நாதஸ்வரம் முழங்கியது. வண்டி மெல்லத் தூக்கியது. இரண்டடி. தலைவர் கையை உயர்த்தி 'இன்னும்' என்றார். மூன்றடி. "தூக்குளா!" என்று இரைந்தார். நான்கடி, ஐந்தடி.

திடீரென்று எனக்கு நாற்காலியில் முன்னால் சாய்ந்த மாதிரி இருந்தது. எந்த நாற்காலியிலும் நான் உட்கார்ந்திருக்கவில்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. பின்னால் திரும்பிப் பார்த்தேன். ஆளுயரப் பின் சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு ஒரு சாண் மேலே, ஆனந்தமாக, ஊஞ்சல் போல ஆடிக்கொண்டிருந்தன. நாதஸ்வரக்காரர் மட்டும் வாசித்துக்கொண்டே ஓடினார்.

சுடலைமாடத்தி நெம்புகோலை அப்படியே நிறுத்தியிருந்தார். முகத்தில் பயம் இல்லை. கணக்குப் போடுகிற முகம்.

"யாரும் அசையாதீங்க! நட்ட நடு உயரத்துலதான் பக்கெட் ரொம்ப முன்னுக்க நீளும். இப்பம் ஏத்தினாலும் வெட்டி இழுக்கும், இறக்கினாலும் குலுங்கும். மொதல்ல பின்னாடி பாரம் வேணும். ஏ வடிவு மதினி! எல்லாரையும் கூட்டியா! சைடு வழியா ஏறுங்க, டயருக்குக் கிட்ட போவாதீங்க!"

அருணாசலவடிவு எங்கள் அளத்தின் மூத்த சுமைக்காரி. கூடையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். பின்னால் பத்துப் பெண்கள். ஒருவர் பெட்டி மேல் ஏறினார், ஒருவர் இழுவைக் கம்பியில் நின்றார், மற்றவர்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கடைசியாக வடிவு ஏறியதும், சக்கரங்கள் பெருமூச்சோடு தரையில் உட்கார்ந்தன.

"எங்க வீட்டுக்காரரு எட்டு வருசமா ஒடம்பக் கொற, ஒடம்பக் கொறன்னு உயிர எடுத்தாரு," என்றார் வடிவு. "நல்லவேள, கேக்கல."

தலைவர் வியர்வையைத் துடைத்தார். "யாரும் எறங்கிராதீங்க! யாரும் எறங்கிராதீங்க தாய்மாரே!"

இத்தனை வருடத்தில் அவர் அந்தப் பெண்களைத் தாய்மாரே என்று அழைத்தது அதுவே முதல் முறை. குறித்துக்கொண்டேன்.

"எறங்கலண்ணாச்சி. ஆனா ஒண்ணு," என்றார் வடிவு, பெட்டி மேல் சௌகரியமாக உட்கார்ந்து. "மாடத்திக்கு இன்னைக்கு நூத்தெம்பது நாளு முடியுது. வேலை நெரந்தரமா, இல்லையா?"

"அத அடுத்த கூட்டத்துல..."

"ஏளா, எனக்குக் காலு மரத்துப் போவுது. எறங்கவா?"

"அய்யோ, இரு தாயி! இருங்க!"

"மதினி, சும்மா இருங்க," என்று கத்தினார் சுடலைமாடத்தி. "மொதல்ல அவங்கள இறக்குதேன். வேல அப்புறம்."

"நீ வாய மூடு. பிரேக்கப் பிடி," என்றார் வடிவு. "இவுக தரையில நிக்கும்போது ஒருநாளாவது நம்ம சொன்னதக் கேட்டாகளா? இப்பம்தான் ஒசரத்துல நின்னு நல்லாக் காது கேக்குது."

சட்டப்படி எங்கள் கூட்டத்துக்கு மூன்று பேர் போதும். மூன்று பேர் இருந்தோம். குறிப்பேடு இருந்தது. என் பேனா இருந்தது. உப்புக் குவியலில் முழங்கால் புதைய, தளவாயின் முதுகை மேஜையாக்கி, அன்று எழுதியதுதான் சங்கத்தின் வரலாற்றிலேயே மிக விரைவான தீர்மானம். தளவாய் முன்மொழிந்தார். நான் வழிமொழிந்தேன், எழுத்தருக்கு அந்த உரிமை இல்லை என்று அப்போது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. தலைவர் கையெழுத்துப் போட்டார். கையெழுத்து மட்டும் கடல் அலை மாதிரி இருந்தது.

"சத்தமா வாசிங்க சார்," என்றார் வடிவு.

வாசித்தேன். சுடலைமாடத்தி இன்று முதல் நிரந்தர ஆப்பரேட்டர். கீழே ஒரு கூட்டமே விசிலடித்தது. ஜக்கரிய்யா காக்கா கைதட்டினார். சுடலைமாடத்தி நெம்புகோலை ஒரு மயிரிழை தள்ளினார். பக்கெட், தூங்குகிற குழந்தையைப் பாயில் கிடத்துகிற மாதிரி, தரையில் வந்து அமர்ந்தது. ஒரு குலுங்கல் இல்லை. கம்பளம்கூட மடியவில்லை. அதன் பிறகுதான் அவர் நெம்புகோலிலிருந்து கையை எடுத்தார். வடிவு ஏறிப் போய் அவரைக் கட்டிக்கொண்டார்.

பூட்டைத் திறந்து பெட்டியைப் பார்த்தோம். அடியில் இரண்டு கைப்பிடி ஈர உப்பும், கொஞ்சம் மழைத் தண்ணீரும் இருந்தன. அரக்கு சீல் மட்டும் எந்தச் சேதமும் இல்லாமல் பளபளத்தது. சங்கம் எதைப் பாதுகாக்க நினைத்ததோ அதைப் பாதுகாத்துவிட்டது.

விசாரணைக் குழு ஒன்பது நாள் அமர்ந்தது. கழுவும் விதி கடைப்பிடிக்கப்பட்டது. சீல் விதி கடைப்பிடிக்கப்பட்டது. அறுபத்து நான்கு கட்டங்களும் நிரம்பியிருந்தன. மீறப்பட்டது ஒரே ஒரு விதிதான்: வண்டியில் ஆள் ஏறக் கூடாது என்ற பதினாலாம் விதி. அதை மீறிப் பின்னால் ஏறிய பதினோரு பெண்களுக்கும் மெமோ கொடுப்பதென்று உடனடியாக முடிவாயிற்று.

சிக்கல் அதன் பிறகு வந்தது. முன்னால் மூன்று பேர் ஏறியிருந்தோம். தலைவருக்கு மெமோ கொடுத்தால் தலைவர் பதவி போய்விடும்.

தளவாய் யோசித்தார். அவர் யோசித்தால் சங்கத்துக்கு எப்போதும் விடிவுகாலம்தான்.

"அண்ணாச்சி, தானா ஏறினாத்தானே ஆளு? பக்கெட்டுல தூக்கினது வண்டியில்லா? வண்டி தூக்கினா அது சரக்கு."

தலைவரின் முகம் மெல்ல மலர்ந்தது.

"அப்பம் நம்ம மூணு பேரும் சரக்கு?"

"சரக்கு."

"சரக்கு போட்ட தீர்மானம் செல்லுமாலே?"

"எப்படிச் செல்லும் அண்ணாச்சி?"

மேஜையைத் தட்டிக் கொண்டாடினார்கள். தலைவர் பதவியும் தப்பியது, நிரந்தர வேலையும் ரத்தானது. டீ வந்தது. நான் அறிக்கையைத் தட்டச்சு செய்தேன்.

மறுநாள் காலை சுடலைமாடத்தியை அழைத்து, திங்கள்கிழமை முதல் பழைய வேலை என்று சொன்னேன். கூடை என்ற சொல்லை நான் பயன்படுத்தவில்லை. அவர் இடுப்பிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து மேஜையில் வைத்தார்.

"ஜக்கரிய்யா காக்கா நேத்தே வரச் சொன்னாங்க சார். அவங்க லோடருக்குப் பின்னாடி கான்கிரீட்டுதானாம். வடிவு மதினிக்கும் அங்கன வேல இருக்காம். இங்கன நெரந்தரம்னு எழுதிக் கொடுத்திருக்காகளே, அத விட்டுட்டு எப்படிப் போறதுன்னுதான் யோசிச்சேன்."

வெளியே அருணாசலவடிவு தனக்கு வந்த மெமோவை நான்காக மடித்து, அதில் ஒரு பருப்பு வடையை வைத்து, எண்ணெயைப் பிழிந்துகொண்டிருந்தார். காகிதம் தரமானதென்று பாராட்டினார்.

"போறதுக்கு முன்னாடி அறிக்கையை ஒரு தடவ பாக்கலாமா சார்?" என்றார் சுடலைமாடத்தி.

கொடுத்தேன். நின்றபடியே ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தார். என் மேல் குற்றம் சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். மூன்றாம் பக்கத்தில் விரல் நின்றது.

'சம்பவத்தின்போது பக்கெட்டில் இருந்தவை: உப்பு, நானூறு கிலோ. இதர பாரம், தாமாக நகராதவை, மூன்று.'

அவர் சிரிக்கவில்லை. காகிதத்தை ஓரம் சேர்த்து, என் மேஜையில் நேராக வைத்தார்.

"எழுத்துப் பிழை ஒண்ணும் இல்ல சார்," என்றார்.

அவர் வெளியேறிய பிறகு இன்னொரு முறை படித்துப் பார்த்தேன். பத்தொன்பது வருடங்களாக இந்த மேஜையில் நான் தட்டச்சு செய்த அத்தனை காகிதங்களிலும், பொய்யில்லாத வரி அது ஒன்றுதான்.